டர்பனில் ஒரு கருத்தரிப்பு நிலையம்: ஆய்வகத்துக்கு ஒரு மதிப்பெண், தொலைபேசிக்கு வேறு மதிப்பெண்

சோதனைக்குழாய் கருத்தரிப்புக்காக நானும் என் கணவரும் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் சென்றுவந்த, டர்பனில் உள்ள தனியார் நிலையம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. பாராட்ட வேண்டியவை நிறைய இருந்தாலும் குறை சொல்ல வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களும் இருக்கின்றன. அவற்றைப் பெயரோடு ஊரில் உலவவிட எனக்கு விருப்பமில்லை. பாளையங்கோட்டையில் ஒன்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்திவிட்டு, கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள் நான். ஆகவே இந்த மதிப்புரை வரவேற்பறையைவிட ஆய்வகத்து நுண்ணோக்கியின் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும். இத்தகைய நிலையத்தில் நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதிக்கான வேலை நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் நடப்பதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒரு செல்லுக்குள் நடக்கிறது.

வரவேற்பறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்த இடம் போதாது. காலை ஏழரைக்குப் பின் போனால் தெருவில்தான் நிறுத்த வேண்டும். காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். செவிலியர்களில் ஒருவர் டர்பனுக்கு வடக்கேயுள்ள டொங்காட்டைச் சேர்ந்தவர், கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்த குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. அவருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் ஊசி குத்தும் நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ "அக்கா, கொஞ்சம் பொறு" என்று வந்துவிடும். தன் ஆயா ஆடிக் கூழ் ஊற்றும்போது பாடிய வரிகளில் மிச்சமிருப்பவை அந்தச் சொற்கள்தாம் என்றார். ரத்தப் பரிசோதனைக்காக வாரத்துக்கு மூன்று முறை கையை நீட்டும்போது இது சிறிய விஷயமன்று.

இனி முதல் குறைக்கு வருகிறேன்.

சினைப்பையில் ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையைத் தாங்கும் சிறு திரவப் பைகள், போதிய அளவு வளர்ந்தபின், முட்டையெடுப்புக்கு ஏறக்குறைய 36 மணி நேரம் முன்பு ஒரு கடைசி ஊசி போடச் சொல்வார்கள். இங்கே எல்லாரும் அதை டிரிகர் என்றே சொல்கிறார்கள். எனக்குக் கொடுத்தது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். நிலையத்தில் தந்த அச்சுத்தாளில் இரவு 9.30 என்று இருந்தது. அன்று மாலை கைப்பேசிக்கு வந்த செய்தியில் 10.30 என்று இருந்தது. எது சரி என்று கேட்க, வேலை நேரத்துக்குப் பின் அழைக்கச் சொல்லியிருந்த எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த மருந்துக் குப்பியை முன்னால் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்பது நிமிடங்கள் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் 9.20க்கு ஒருவர் எடுத்து, அறுவை அறையின் நேரம் மாறிவிட்டது, 10.30தான் சரி, பழைய தாளைத் திருத்த மறந்துவிட்டார்கள் என்றார்.

ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் எல்லாமே பாழாகிவிடும் என்பதில்லை. ஆனால் அந்த ஊசி எதைத் தொடங்கிவைக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்த நாற்பது நிமிடம் எளிதாகக் கழியாது. தெரியாதவருக்கு இன்னும் கடினமாகவே கழியும். பெண்ணின் முட்டைச் செல்கள் எல்லாம் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம்கள் இணைசேர்ந்து பரிமாற்றம் செய்துகொண்டபின், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவின் முதல் கட்டத்திலேயே அவை நின்றுவிடுகின்றன. எனக்கு வயது 36. என் அம்மா அம்பாசமுத்திரத்தில் என்னைச் சுமந்துகொண்டிருந்தபோது நின்ற செல்கள், டர்பனில் ஒரு புதன்கிழமை இரவு வரை அதே நிலையில் நின்றிருந்தன. அவற்றை நிறுத்தி வைத்திருப்பது முட்டை மட்டுமன்று. அதைச் சூழ்ந்துள்ள கிரானுலோசா செல்கள் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை நுண்ணிய இணைப்புக் குழாய்கள் வழியாக இடைவிடாமல் முட்டைக்குள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அது உள்ளே இருக்கும் வரை முட்டையிலுள்ள சைக்ளிக் ஏ.எம்.பி. சிதைவதில்லை, அந்த ஏ.எம்.பி. உயர்ந்திருக்கும் வரை பிரிவைத் தொடங்கும் நொதி விழிப்பதில்லை. எலியில் இவை தெளிவாகக் காட்டப்பட்டிருக்கின்றன. மூளையடியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் பெருகி வரும்போது, அல்லது அதன் வேடத்தில் எச்.சி.ஜி. ஊசி வரும்போது, அந்த வரத்து நின்றுபோகிறது. வயலுக்கு வரும் வாய்க்காலை அடைத்ததுபோல உள்ளே மட்டம் இறங்குகிறது, நொதி விழிக்கிறது, முட்டையின் பெரிய உட்கருவைச் சுற்றிய உறை கரைகிறது.

முட்டையைச் சுற்றியுள்ள செல்கள்தாம் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன என்ற ஐயம் 1935லேயே எழுந்துவிட்டது. முயலின் முட்டைகளை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்தால் ஹார்மோன் எதுவும் இல்லாமலே அவை பிரிவைத் தொடர்கின்றன என்று அமெரிக்க உயிரியலாளர் பின்கஸ் அந்த ஆண்டில் காட்டினார். மனித முட்டையும் முயலின் வேகத்தில், அரை நாளுக்குள் முதிரும் என்றே முதலில் கருதப்பட்டது. விடாமல் காத்திருந்து, அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் தேவை என்று 1965இல் கண்டவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ராபர்ட் எட்வர்ட்ஸ். 1978 ஜூலை 25இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்ததும், 2010இல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் கையிலிருந்த தாளில் எழுதியிருந்த 36 மணி நேரம் என்ற கணக்கின் வேர் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. மிகவும் முன்னதாக எடுத்தால் முட்டைகள் முதிராமல் இருக்கும். மிகவும் பிந்தினால் ஃபாலிக்கிள் தானே உடைந்து முட்டை கைக்கு எட்டாமல் போய்விடும். ஒரு நிலையம் நோயாளியிடம் ஒப்படைக்கும் வேலைகளிலேயே நேரத்தால் மிகக் கறாரானது இதுதான். அதற்குரிய இரவில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை என்பது, வண்டி நிறுத்த இடமில்லை என்பதுபோலச் சிரித்துக் கடக்கும் குறையன்று.

முட்டையெடுப்பு நாளில் எனக்கு மயக்க மருந்து கொடுத்ததால் நேரில் பார்த்தது கொஞ்சம்தான். என் கணவர் பார்த்து வந்து சொன்னவையும், பிறகு ஆய்வகத்தில் கருக்களை வளர்க்கும் கருவியல் வல்லுநர் காட்டியவையும் சேர்ந்தே இந்தப் பகுதி. அறுவை அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சிறிய சாளரம் உண்டு. ஃபாலிக்கிளிலிருந்து உறிஞ்சிய இளஞ்சிவப்புத் திரவம் சூடான சோதனைக்குழாய்களில் அந்தச் சாளரம் வழியாகப் போகிறது. மறுபக்கத்தில் அதை வட்டத் தட்டில் ஊற்றிப் பார்ப்பவர், முட்டை கிடைத்ததும் எண்ணிக்கையை உரக்கச் சொல்கிறார். குழாய்கள் வைக்கும் தாங்கி, தட்டு வைக்கும் மேடை, நுண்ணோக்கியின் கண்ணாடிப் பரப்பு எல்லாம் 37 பாகையில் சூடாக இருந்தன. இதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. முட்டைக்குள் குரோமோசோம்களைப் பிடித்து வைத்திருக்கும் கதிர்கோல் இழைகள் குளிர்ந்தால் கலைந்துவிடும் தன்மை உடையவை. மறுபடி சூடாக்கினாலும் எல்லாம் பழைய இடத்தில் சரியாக வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. குழாய் கைமாறும் சில நொடிகளைக்கூட இவர்கள் எண்ணி வைத்திருந்தது கண்டு, ஆய்வகத்துக்கான என் மதிப்பெண் அங்கேயே உயர்ந்துவிட்டது.

மதியம் எனக்குத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தபோது, 13 முட்டைகள் கிடைத்திருக்கின்றன என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அத்தை தென்காசியில் இருக்கும் நாத்தனாருக்குச் சொன்னார். இரவுக்குள் 13 என்ற எண் கடல் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் காலை வேறொருவர் அழைத்து, 9 முட்டைகளில் விந்து செலுத்தப்பட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மீதி நான்கு எங்கே என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. பாடம் நடத்தியவளாகிய எனக்கு விடை தெரியும், தெரிந்தும் அழுதேன். எதுவும் தெரியாத ஒரு பெண், ஆய்வகத்தில் எதையோ கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பாள்.

இந்த நிலையத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். எத்தனை முட்டை என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைச் சொல்வது பாதி விடைகூட ஆகாது. எந்த நிலையில் எத்தனை என்று சொல்ல வேண்டும். நான் கடிதம் எழுதிக் கேட்டபின் கருவியல் வல்லுநர் நேரில் வரச் சொல்லி, திரையில் படங்களைக் காட்டி விளக்கினார். அந்த முப்பது நிமிடங்கள்தாம் இந்த ஐந்து மாதங்களில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை. இளம் வயதுக்காரர், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவராம். கையில் பேனாவை வைத்துக்கொண்டு திரையைத் தொடாமலே சுட்டிக்காட்டும் பழக்கம் உள்ளவர்.

முட்டை எடுத்தவுடன் அதைச் சுற்றி மேகம்போல் குமுலஸ் செல்கள் மூடியிருக்கும். அதனால் முதிர்ந்ததா இல்லையா என்று அப்போது உறுதியாகச் சொல்ல இயலாது. ஓரிரு மணி நேரத்துக்குப் பின் நொதி கலந்த துளியில் அலசி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் மேலும் கீழும் இழுத்து அந்தச் செல்களை உரித்தெடுக்கிறார்கள். அப்போதுதான் உண்மையான எண்ணிக்கை தெரியவருகிறது. என் 13இல் இரண்டு முட்டைகளின் நடுவே தெளிவான வட்டமும் அதனுள் ஒரு கரும்புள்ளியும் இருந்தன. உட்கரு உறை இன்னும் கரையவே இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். இன்னும் இரண்டில் அந்த வட்டம் மறைந்திருந்தது, ஆனால் வேறு எதுவும் வெளிவரவில்லை. முதல் பிரிவின் நடுவழியில் நின்றவை அவை. மற்ற ஒன்பதிலும் சோனா பெலுசிடா என்ற கண்ணாடிபோன்ற உறைக்கும் முட்டைக்கும் இடையே, ஓரமாக ஒரு குட்டி உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அது முதல் துருவச் செல்.

அந்த உருண்டை எப்படி வருகிறது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. பாகப்பிரிவினையில் ஒரு பிள்ளைக்கு நிலம் முழுவதையும் எழுதிவிட்டு இன்னொரு பிள்ளைக்குக் கிணற்று மேட்டோரம் ஒரு துண்டைக் கொடுப்பதுபோல என்று நான் இடையில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குரோமோசோம் மட்டும் சரிபாதி என்றார். அதுதான் சரி. குரோமோசோம்கள் சமமாகப் பிரிகின்றன. உட்கருவைச் சூழ்ந்த செல்பொருளான சைட்டோபிளாசம் ஏறக்குறைய முழுவதும் முட்டையோடு நின்றுவிடுகிறது. இதற்காகக் கதிர்கோல் அமைப்பு ஆக்டின் இழைகளின் துணையோடு நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்து, அங்கேதான் பிரிவை நடத்துகிறது. மற்ற செல்களில் கதிர்கோலைக் கட்ட சென்ட்ரோசோம் இருக்கும். முட்டையில் அது இல்லை. மனித முட்டையில் குரோமோசோம்களைச் சுற்றியே அந்த அமைப்பு கட்டப்படுகிறது. 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அதற்கு ஏறக்குறைய 16 மணி நேரம் ஆவதும், இடையில் அது நிலைகொள்ளாமல் உருமாறுவதும் படம்பிடிக்கப்பட்டன. என்னைப்போல முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த இடத்தில்தான் இடர் கூடுகிறது. குரோமோசோம்களின் இணைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கொஹீசின் என்ற புரதக் கட்டு கருவிலேயே போடப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்கிறது, புதிதாகக் கட்டிக்கொள்ளும் வழியும் பெரிதாக இல்லை. கட்டுத் தளர்ந்தால் பங்கீடு பிசகும். ஒரு குரோமோசோம் கூடியோ குறைந்தோ போகும்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் பூசிமெழுகாமல் விடை சொன்னதையும் குறிப்பிட வேண்டும். துருவச் செல் வந்துவிட்டால் முட்டை முழுக்க முதிர்ந்ததாகக் கொள்ளலாமா என்றேன். உட்கருவின் முதிர்ச்சிக்கு மட்டுமே அது சான்று என்றார். சைட்டோபிளாசமும் தன் பங்குக்கு முதிர வேண்டும்: மைட்டோகாண்ட்ரியாக்கள் இடம் மாற வேண்டும், கால்சியத்தைச் சேமித்து வைக்கும் எண்டோபிளாச வலை விளிம்பை ஒட்டிக் கொத்துக் கொத்தாக ஒழுங்கமைய வேண்டும், புறணித் துகள்கள் எனப்படும் நுண்பைகள் செல்சவ்வுக்கு அடியில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். இவற்றில் எதுவும் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. ஆகவே கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவெடுக்கிறோம், அதற்கு மேல் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன் என்றார். ஊசி நேரக் குழப்பத்தால்தான் நான்கு முட்டைகள் முதிராமல் போயினவா என்றும் கேட்டேன். பதின்மூன்றில் நான்கு முதிராமல் இருப்பது வழக்கத்துக்கு மாறானதன்று, ஒரே ஊசிக்கு எல்லா ஃபாலிக்கிள்களும் ஒரே வேகத்தில் அசைவதில்லை என்று விளக்கினார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். என் கணவர் இன்னும் ஏற்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாலூட்டியின் முட்டையை முதன்முதலில் கண்டறிந்து 1827இல் எழுதியவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர். அவர் அதைக் கண்டது ஒரு நாயில். பெரும்பாலான பாலூட்டிகளில் முதல் பிரிவு முடிந்தபின்பே முட்டை சினைப்பையைவிட்டு வெளியேறும், ஆனால் நாயின் முட்டை முதிராமலே வெளிவந்து, கருக்குழாயில் இரண்டு மூன்று நாள் தங்கியபின் முதிர்கிறது. முதிராத முட்டை என்றாலே வீண் என்று நான் கலங்கியபோது, வகுப்பில் வருடந்தோறும் சொல்லிவந்த இந்தச் செய்தி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஒன்பது முட்டைகளிலும் இக்சி முறையில், அதாவது ஊசியால் ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் நேரே விடும் முறையில், விந்தணு செலுத்தப்பட்டது. 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த முறை இது. எங்களுக்கு இது தேவைப்பட்டதன் காரணம் விந்தணுக்களின் வடிவம். அந்த வடிவத்தைக் கறாராக அளக்கும் அளவுகோலை 1986இல் வகுத்தது இந்த நாட்டிலேயே, கேப் டவுனின் டைகர்பெர்க் மருத்துவமனையில், தைனஸ் க்ரூகரின் குழு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கையேட்டில் இயல்பான வடிவமுள்ள விந்தணுக்களுக்கு 2010 முதல் உள்ள நான்கு விழுக்காடு என்ற கீழெல்லையும் அந்தக் கறாரான முறையை ஒட்டியதுதான். தென்னாப்பிரிக்காவில் வாழும் நம்மவர்கள், நல்ல மருத்துவம் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் விமானம் ஏற வேண்டும் என்று பேசிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அளவுகோல் இங்கிருந்து அங்கே போனது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லலாம்.

செலுத்தும் காட்சியைத் திரையில் பார்த்தேன். ஒரு கண்ணாடிக் குழாய் முட்டையை இடப்பக்கம் மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. துருவச் செல் கடிகாரத்தின் பன்னிரண்டில் இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டு, ஊசியை மூன்று மணிப் பக்கமாக உள்ளே நுழைக்கிறார்கள். கதிர்கோல் அமைப்பு பெரும்பாலும் துருவச் செல்லுக்கு அருகே இருக்கும் என்பதால் அதைத் தொடாமல் தப்பிக்கவே இந்த ஏற்பாடு. செல்சவ்வு உடனே கிழிவதில்லை. ஈரத் துணியை விரலால் குத்தியதுபோல உள்நோக்கிக் குழிந்துகொண்டே போகிறது. சிறிது சைட்டோபிளாசத்தை உறிஞ்சியதும் சட்டென்று விட்டுக்கொடுக்கிறது. பிறகு ஒற்றை விந்தணு, மிகக் குறைந்த திரவத்தோடு உள்ளே விடப்படுகிறது. என் முட்டை ஒன்று இப்படிக் குத்தப்படுவதைப் பார்த்தபோது எனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வியப்பு மட்டுமே இருந்தது.

இயல்பான கருவுறுதலில் விந்தணு சோனாவைத் துளைத்து வந்து, தன் மேலுள்ள இசுமோ என்ற புரதத்தால் முட்டையின் சவ்விலுள்ள ஜூனோ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். இசுமோ திருமணத்தின் தெய்வம் குடிகொண்ட ஜப்பானியத் தலத்தின் பெயர், 2005இல் வைத்தது; ஜூனோ உரோமரின் திருமணத் தெய்வம், 2014இல் வைத்தது. இக்சியில் இந்தக் கலியாணச் சடங்குகள் எல்லாம் தாண்டப்படுகின்றன. ஆனால் அதற்குப் பின் வரும் கட்டத்தைத் தாண்ட முடியாது. விந்தணு தன்னோடு கொண்டுவரும் பி.எல்.சி. சீட்டா என்ற நொதி முட்டைக்குள் கலந்து, சேமிப்பிலுள்ள கால்சியத்தை விடுவிக்கிறது. கால்சியம் ஒருமுறை ஏறி இறங்கி நின்றுவிடுவதில்லை. அலையலையாகப் பல மணி நேரம் தொடர்கிறது. முட்டையின் இரண்டாவது நிறுத்தம் இதனால்தான் முடிகிறது. ஆம், இரண்டு நிறுத்தங்கள்: தாயின் வயிற்றில் தொடங்கியது முதலாவது, துருவச் செல்லை வெளித்தள்ளியபின் விந்தணு வரும்வரை காத்திருப்பது இரண்டாவது. அலை வந்ததும் புறணித் துகள்கள் வெடித்து வெளியே கொட்டுகின்றன. அவற்றிலுள்ள ஒவஸ்டாசின் என்ற நொதி சோனாவிலுள்ள ஒரு புரதத்தை நறுக்கிவிடுவதால் இன்னொரு விந்தணு ஒட்ட இடமில்லாமல் போகிறது. துத்தநாக அயனிகளும் அப்போது பொறிபோலச் சிதறி வெளியேறுகின்றன. மனித முட்டையில் அதை 2016இல் படமெடுத்துக் காட்டினார்கள். இறுதியில் இரண்டாவது துருவச் செல் வெளியேறுகிறது.

விந்து செலுத்தி 16 முதல் 18 மணி நேரத்துக்குள் பார்க்கும்போது முட்டைக்குள் இரண்டு முன்னுட்கருக்கள், ஆணுடையது ஒன்றும் பெண்ணுடையது ஒன்றும், அருகருகே தெரிய வேண்டும். என் ஒன்பதில் ஏழில் அப்படித் தெரிந்தன. ஒன்றில் எதுவுமே இல்லை. மற்றொன்றில் மூன்று இருந்தன. மூன்று என்றதும் இரண்டு விந்தணுக்கள் போய்விட்டனவா என்று என் கணவர் பதறினார். செலுத்தியது ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது துருவச் செல் வெளியேறாமல் உள்ளேயே தங்கி, அதன் குரோமோசோம்கள் தனி முன்னுட்கருவாகிவிட்டன. அந்த முட்டையைப் பயன்படுத்த மாட்டார்கள். இந்த விளக்கமும் தொலைபேசியில் வரவில்லை. "ஏழு நன்றாக இருக்கின்றன" என்ற ஒரு வரி மட்டுமே வந்தது.

அடுத்து, கூடுதல் கட்டணம் வாங்கிய ஒரு சேவை. கருவை வெளியே எடுக்காமலே பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கேமரா பொருத்திய அடைகாப்பான் அவர்களிடம் இருந்தது. அதில் வளர்த்தால் சிறந்த கருவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லி 6,000 ராண்டு கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்தோம். அந்தப் படத்தொகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். விலங்கியல்காரிக்கு அது பொக்கிஷம்தான். இரண்டு முன்னுட்கருக்களும் தோன்றி, விந்தணு கொண்டுவந்த சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்பைச் சுற்றி விரியும் நுண்குழாய்களால் இழுக்கப்பட்டு நெருங்குகின்றன; அவற்றுக்குள் இருக்கும் சிறு மணிகள் எதிரெதிரே வரிசை கட்டுகின்றன; பிறகு இரண்டும் ஒரே சமயத்தில் மங்கி மறைய, முட்டை ஒருமுறை சிலிர்த்து இரண்டாகிறது. எலியில் இந்தச் சென்ட்ரியோல் விந்தணுவிலிருந்து வருவதில்லை என்பதால், எலியை மட்டுமே வைத்துப் பாடம் நடத்திய எனக்கு இது புதிது. ஆனால் மருத்துவப் பயன் என்று கேட்டால் என்னால் பரிந்துரைக்க முடியாது. இத்தகைய அடைகாப்பானால் குழந்தைப் பிறப்பு கூடுகிறதா என்று பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் லான்செட் இதழில் வந்தது, கூடவில்லை. நாங்கள் பணம் கட்டியது அதற்குப் பின். ஆலோசனை சொன்னவர் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

ஏழில் மூன்றாம் நாள் வரை ஆறு ஒழுங்காகப் பிரிந்தன. அதுவரை கரு பெரும்பாலும் முட்டை சேர்த்து வைத்த சொத்தில்தான் வாழ்கிறது. நான்கு முதல் எட்டுச் செல் நிலையில்தான் மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் வேலை தொடங்குகின்றன. அதற்குப் பின் பல நின்றுவிடுவது இயல்பு என்று இம்முறை முன்கூட்டியே சொன்னார்கள். கடிதம் வேலை செய்திருக்கிறது. ஐந்தாம் நாள் இரண்டு பிளாஸ்டோசிஸ்டுகள், அதாவது கருப்பையில் வைக்கத்தக்க நிலைக்கு வளர்ந்த கருக்கள், கிடைத்தன.

கட்டணம் மருந்து நீங்கலாக, கூடுதல் சேவையையும் சேர்த்து 74,000 ராண்டு ஆயிற்று. எங்கள் மருத்துவக் காப்பீடு இரத்தப் பரிசோதனைகளில் சிலவற்றுக்கு மட்டும் பணம் கொடுத்தது. இரசீது ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது, மறைவான தொகை ஏதுமில்லை. மின்சாரம் போனால் அடைகாப்பான் என்னவாகும் என்று முதல் நாளே கேட்டேன்; இந்த ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் மின்வெட்டைக் கண்டவர் எவரும் அதைக் கேட்பார்கள். மின்கலத் தொகுதியையும் பின்கட்டில் இருக்கும் ஜெனரேட்டரையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டீசல் தொட்டியின் அளவுகோலில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி சுண்ணக்கட்டியால் கதவில் எழுதியிருந்தது.

ஆய்வகத்துக்குப் பத்துக்கு ஒன்பதும், நோயாளியோடு பேசும் முறைக்குப் பத்துக்கு நான்கும் தருகிறேன். இங்கே போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: டிரிகர் இரவில் எடுக்கப்படும் தொலைபேசி எண்; முட்டைகளை உரித்தபின் எந்த நிலையில் எத்தனை என்ற கணக்கு; முன்னுட்கருக்களைப் பார்த்த நேரமும் எண்ணிக்கையும். கேட்டால் தருகிறார்கள். கேட்காமல் தருவதில்லை.

இரண்டு பிளாஸ்டோசிஸ்டுகளில் ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், தங்கவில்லை. மற்றொன்று திரவ நைட்ரஜனில் இருக்கிறது, மெல்லிய குழலில் என் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய பச்சை நிறப் பட்டையோடு. ஆண்டுக்கான சேமிப்புக் கட்டணத்தைச் சென்ற வாரம் கட்டினேன். இரசீதில் "கரு 1, ஐந்தாம் நாள், முதிர்ந்த முட்டை எண் 6" என்று எழுதியிருந்தார்கள். நிலை எழுதப்பட்ட இரசீது இங்கே நான் வாங்கியது இதுவே முதல் தடவை.